ஐந்தாவது அச்சம்

பாம்பென்றாலே தனக்கு ஆகாது என்று அந்தப் பெண் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலந்தியும் அப்படித்தான். சொல்வது உண்மைதானா என்று பார்ப்பதற்காக ஆய்வாளர்கள் ஒருநாள் அவரைப் பாம்பும் சிலந்தியும் விற்கிற கடைக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே நுழைந்ததுமே அவருடைய கால் பாம்புகள் இருந்த பக்கம்தான் போனது. கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்ட, வாங்கி மூன்று நிமிடத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டார். செதிலைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்து வந்து போகிற நாக்கைத் தொட்டார். அது விரல்களுக்கிடையில் நெளிவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு, அதோ இருக்கிறதே, அந்தப் பெரிய பாம்பைத் தொடலாமா என்று கேட்டார். அது ஆபத்தானது என்றார் கடைக்காரர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். கூடப் போனவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்: மொத்தம் 15 முறை. டரான்டுலா சிலந்தியை நோக்கி நீண்ட கையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆகாது என்றவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று விசாரித்தபோது, ஆவலை அடக்க முடியவில்லை என்பதுதான் பதில்.

மருத்துவ ஏடுகளில் அவருக்கு எஸ்.எம். என்று பெயர். இரண்டெழுத்துக்கு மேல் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நரம்பியலாளர்கள் டானியல் ட்ரனெல், அந்தோனியோ டமாசியோ, ரால்ஃப் அடால்ஃப்ஸ், பின்னால் வந்த ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் எனப் பலர் அவரைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவருக்கு இருப்பது ஊர்பாக்-வீதே நோய். 1929இல் அதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயர் அது. தோல் தடிக்கும், குரல்நாண்களில் படிவு சேர்ந்து குரல் கரகரக்கும், கண்ணிமை ஓரங்களில் மணி மணியாகச் சிறு கட்டிகள் வரும். சிலருக்கு மட்டும் மூளைக்குள்ளும் படிவு சேர்கிறது. சேரும் இடம் விநோதமானது. காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும் பாதாம் கொட்டை அளவில் ஒவ்வொரு முடிச்சு இருக்கிறது. பாதாமுக்கான கிரேக்கச் சொல்லாலேயே அதை அமிக்டலா என்கிறார்கள். எஸ்.எம்.முக்கு அந்த இரண்டு பாதாமும் சுண்ணமாகிப் போய்விட்டன. பக்கத்துப் பகுதிகளுக்குப் பெரிய சேதமில்லை. ஒரு ஊரில் இரண்டே இரண்டு வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து இடித்ததுபோல.

அவர் அறிவில் குறையில்லை. நினைவும் பேச்சும் நன்றாக இருந்தன. சந்தோஷப்பட்டார், துக்கப்பட்டார், கோபப்பட்டார், அருவருப்பும் கொண்டார். பயம் மட்டும் இல்லை.

டார்வின் இவரைச் சந்தித்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார் என்று தோன்றுகிறது. லண்டன் மிருகக்காட்சிசாலையில் விரியன் இனப் பாம்பு ஒன்று இருந்த கண்ணாடிப் பெட்டியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, அது கொத்த வந்தாலும் பின்வாங்குவதில்லை என்று அவர் தீர்மானம் செய்துகொண்டார். பாம்பு பாய்ந்தது. அடுத்த கணம் டார்வின் ஓரிரு கஜம் பின்னால் நின்றிருந்தார். இதை 1872இல் வெளியிட்ட, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதம் பற்றிய நூலில் அவரே வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறார். தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அனுபவித்திராத ஆபத்துக்கு முன்னால் தன் உறுதியும் அறிவும் செல்லாக்காசாகிவிட்டன என்பது அவருக்கு ஆச்சரியம். டார்வினுக்கு நடுவில் கண்ணாடி இருந்தது. எஸ்.எம்.முக்குக் கண்ணாடியும் இல்லை, தீர்மானம் எடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்தக் கடை விஜயம் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் வருகிறது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குள் எங்கோ ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாம்புக்குப் பிறகு அவரை எங்கே அழைத்துப்போனார்கள் தெரியுமா? கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் வேவர்லி ஹில்ஸ் என்றொரு பழைய காசநோய் மருத்துவமனை. ஆவிகள் உலவுவதாகப் பேர்போன கட்டடம். ஹாலோவீன் சமயத்தில் அதையே பேய் வீடாக ஜோடித்து, வேடம் கட்டிய ஆட்களை இருட்டில் ஒளித்து வைத்திருப்பார்கள். முன்பின் தெரியாத சில பெண்களோடு எஸ்.எம். உள்ளே போனார். மற்றவர்கள் அலற, இவர் முன்னால் நடந்தபடி இந்தப் பக்கம் வாருங்கள் என்று வழிகாட்டினார். பாய்ந்து வந்த பேய்களைப் பார்த்துச் சிரித்தார். அவற்றோடு பேச முயன்றார். ஒரு பேயின் தலையை விரலால் குத்திப் பார்த்தார், தொட்டால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள. அந்தப் பேய்தான் பயந்துபோனது.

மூன்றாவது சம்பவம் யாரும் ஏற்பாடு செய்ததல்ல. அவருக்கு முப்பது வயதிருக்கும்போது, இரவில் ஒரு பூங்கா வழியாகத் தனியாக நடந்து போயிருக்கிறார். பெஞ்சில் இருந்த ஒருவன் கூப்பிட்டான். போனார். சட்டையைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் கத்தியை வைத்தான். தூரத்தில் தேவாலயத்தில் பாடகர் குழு பாடும் சத்தம் கேட்டது. என்னைக் கொல்வதென்றால் கடவுளின் தூதர்களைத் தாண்டித்தான் வர வேண்டும் என்ற பொருள்பட ஏதோ சொன்னார், நிதானமாக. அவன் விட்டுவிட்டான். அவர் ஓடவில்லை. வந்த வேகத்திலேயே நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

விலங்கு, அணங்கு, கள்வர். எனக்குள் அடித்த மணி இதுதான். கல்லூரியில் தொல்காப்பியம் நடத்திய ஆசிரியர் மெய்ப்பாட்டியலுக்கு வந்ததும் விரல்விட்டு எண்ணச் சொல்வார். மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நந்நான்கு. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கில் மூன்றை அயோவாக்காரர்கள் தொல்காப்பியரைப் படிக்காமலேயே அந்தப் பெண்ணின் வாழ்க்கையிலிருந்து திரட்டிவிட்டார்கள். நான்காவது இறை. அரசனை மட்டுமல்ல, தந்தை, ஆசிரியர் போன்ற மேலிருப்பவர்களையும் அதில் சேர்த்தே உரைகாரர்கள் படித்தார்கள். அந்தக் கட்டுரையில் நான்காவதற்கு இடமில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பயம் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்.எம்.முக்கு என்ன இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெறுமை இல்லை. ஆவல், வியப்பு, கண் விரிந்த ஈடுபாடு. தொல்காப்பியப் பட்டியலில் அச்சத்துக்குச் சற்று முன்னால் நிற்கும் மருட்கை அது. திகில் படங்களைப் போட்டுக் காட்டியபோது ரசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார், வாடகைக்கு எடுத்து முழுதாகப் பார்ப்பதற்கு. மருள் என்ற வேரிலிருந்து வியப்பும் வருகிறது, மருட்சியும் வருகிறது. இரண்டும் ஒரே கிளையில் தொங்குபவை என்பது மொழிக்குத் தெரிந்திருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டதும் உடல் முதலில் கேட்பது இதென்ன என்றுதான். கிட்டே போவதா, ஓடுவதா என்பது அதற்கடுத்த கேள்வி. இவருக்கு அடுத்த கேள்வி வரவே இல்லை.

மெய்ப்பாடு என்ற சொல்லை உணர்ச்சி என்று பெயர்த்துவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. மெய்யில் தோன்றுவது அது. அதோடு முடியவில்லை. ஒருவனுள் நிகழ்வது உடலின் வழியே புறப்பட்டுக் காண்போருக்குப் புலனாவதுதான் மெய்ப்பாடு என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். அப்படியானால் ஓர் ஆள் போதாது. பயப்படுகிறவர் ஒருவர், அதைக் காண்கிறவர் ஒருவர் என்று இரண்டு உடல்கள் வேண்டும். அச்சம் அவற்றுக்கு நடுவில் நடக்கிற ஒரு கொடுக்கல் வாங்கல்.

எஸ்.எம். விஷயத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த இரண்டாம் பாதிதான். 1994இல் அடால்ஃப்ஸ் குழுவினர் முகங்களின் படங்களைக் காட்டி உணர்ச்சியைக் கேட்டார்கள். சிரிப்பு, அழுகை எல்லாம் தெரிந்தது. பயந்த முகத்தை மட்டும் அவரால் சரியாகப் படிக்க முடியவில்லை. அவர் நன்றாகப் படம் வரைவார். ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு முகம் வரையச் சொன்னார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் என வரைந்து தந்தவர் பயத்தில் வந்து நின்றுவிட்டார். பயந்த முகம் எப்படியிருக்கும் என்று தெரியாது என்றார். கடைசியில் முகத்தை விட்டுவிட்டுத் தவழுகிற குழந்தை ஒன்றை வரைந்து கொடுத்தார்.

பதினோரு வருடம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. முகத்தைப் பார்க்கும்போது அவர் பார்வை எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். கண்களுக்கு அது போகவேயில்லை. பயம் முகத்தில் எங்கே இருக்கிறது? விரிந்த கண்ணில்தான், வெள்ளைவிழி பளிச்சென்று தெரிவதில்தான். அங்கே பார்க்காதவருக்குப் பயம் எப்படித் தெரியும்? கண்களைப் பாருங்கள் என்று சொன்னார்கள். பார்த்தார். உடனே மற்றவர்களைப் போலவே பயத்தை அடையாளம் கண்டார். சொல்வதை நிறுத்தியதும் பார்வை பழையபடி நழுவிவிட்டது. இத்தனை வருட ஆராய்ச்சியில் என்னை மிகவும் தொந்தரவு செய்த தகவல் இது. அவருக்கு இல்லாமல் போனது பயத்தைப் பற்றிய அறிவல்ல. அடுத்தவர் கண்ணை நோக்கித் தானாகத் திரும்புகிற அந்தச் சின்ன இழுப்பு. நாம் யாரும் கற்றுக்கொள்ளாத, நம்மிடம் இருக்கிறது என்றே தெரியாத ஓர் இழுப்பு.

2009இல் இன்னொரு சோதனை. முன்பின் தெரியாத ஒருவரை நோக்கி நடந்துபோய், எந்தத் தூரத்தில் நிற்பது சௌகரியம் என்று காட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் சராசரியாக 64 சென்டிமீட்டரில் நின்றார்கள். எஸ்.எம். 34 சென்டிமீட்டர். மூக்கோடு மூக்கு ஒட்டி நின்றாலும் அவருக்குச் சங்கடமில்லை. யாரையும் நம்புவார், யாரிடமும் போய்ப் பேசுவார். நம் ஊரில் இப்படிப்பட்டவரை வெகுளி என்போம். தொல்காப்பியத்தில் அதே சொல்லுக்குக் கோபம் என்று பொருள். கோபத்தைக் குறித்த சொல் சூதுவாது அறியாத ஆளுக்குப் பெயரானது எப்படி என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். பயம் என்ற சொல்லும் இந்த விளையாட்டில் சளைத்ததில்லை. பழந்தமிழில் பயம் என்றால் பயன், விளைவு. நடுக்கத்தைக் குறிக்கும் பயம் வடமொழியிலிருந்து பின்னால் வந்தது. இரண்டும் ஒரே உருவத்தில் வந்து நின்றது தற்செயல்தான். ஆனால் எஸ்.எம்.மின் வாழ்க்கையைப் படிக்கிறவருக்கு அந்தத் தற்செயல் கொஞ்சம் கேலியாகத் தெரியும். கத்திமுனை, துப்பாக்கி முனை, உயிர் போகும் அளவுக்கு வீட்டுக்குள் அடி என்று அவர் பட்டது ஒருவர் பங்குக்கு மிக அதிகம்.

பயமுள்ளவர்களின் உடலுக்குள் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியில் தமிழ்ப் பேச்சுவழக்கு ஹார்வர்டுக்கு முன்பே பாதித்தூரம் போயிருந்தது. வயிற்றைக் கலக்கியது. ஈரக்குலை நடுங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மயிர்க்கூச்செறிந்தது. கைகால் வெலவெலத்துப்போனது. இந்தப் பட்டியலை ஹார்வர்டின் உடலியலாளர் வால்டர் கானனிடம் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு எழுதியிருப்பார். எக்ஸ்-கதிர் வந்த புதிதில், மாணவராக இருந்த அவர், பூனைகளின் இரைப்பை அசைவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் அசைவு சட்டென்று நின்றுவிடுவதைக் கண்டார். எரிச்சலூட்டும் இடையூறாகத் தொடங்கிய அதுவே அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. குரைக்கும் நாயின் முன் கட்டிவைத்த பூனையின் ரத்தத்தில், சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வந்த அட்ரினலின் இருந்தது. செரிமானம் நிற்கிறது, எச்சில் வற்றுகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. ஓடவோ சண்டை போடவோ உடலைத் தயார்செய்யும் ஏற்பாடு என்று 1915இல் வந்த நூலில் அவர் விளக்கினார். ஈரக்குலைக்கு உண்மையிலேயே வேலை இருந்தது.

அதற்கு முப்பது வருடத்துக்கு முன்பு, 1884இல், உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு கலகம் செய்திருந்தார். கரடியைக் கண்டோம், பயந்தோம், ஓடினோம் என்று நாம் வரிசைப்படுத்துவது தவறு. ஓடுகிறோம், நடுங்குகிறோம், அந்த நடுக்கத்தை உணர்வதற்குப் பெயர்தான் பயம் என்றார். நம் பழைய உரைகள் சொல்வது ஜேம்ஸ் கவிழ்த்த அந்தப் பழைய வரிசையை. முதலில் பொருள், பிறகு அதைப் பற்றிய உணர்வு, பிறகு மனக்குறிப்பு, கடைசியில் நடுக்கமும் வியர்வையும். கானன் ஜேம்ஸை ஏற்கவில்லை. பயத்திலும் கோபத்திலும் உள்ளுறுப்புகள் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான், அப்படியிருக்க உடலை வைத்து எது எதுவென்று மனம் எப்படிப் பிரித்தறியும் என்று கேட்டார்.

இந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்பதை ஒரு நாய்க் கூட்டம் தீர்மானித்தது. வருடங்களுக்கு முன் கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி நண்பனோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். சந்து முனையில் நாலைந்து நாய்கள் வளைத்துக்கொண்டன. நான் குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்ததும், சத்தம் போட்டதும், அவை விலகிப் போனதும் அரை நிமிடத்துக்குள் முடிந்தது. அந்த அரை நிமிடத்தில் நான் பயந்ததாக நினைவே இல்லை. பயம் வந்தது டீக்கடையில். கிளாஸைப் பிடித்த கை ஆடிச் சட்டையில் டீ கொட்டியது. நண்பன் சிரித்தான். அவ்வளவுதான், அவன்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஏதேதோ பேசிவிட்டேன். அதே படபடப்பு, அதே உலர்ந்த வாய், அதே கை நடுக்கம். நாய்க்கென்று சுரந்தது நண்பன் தலையில் விடிந்தது. முதல் பாதியில் ஜேம்ஸ் சரி, இரண்டாம் பாதியில் கானன் சரி.

பயமும் கோபமும் அப்படியே ஒன்றல்ல என்று காட்ட 1953இல் ஆல்பர்ட் ஆக்ஸ் செய்த சோதனை கொஞ்சம் குரூரமானது, கொஞ்சம் நகைச்சுவையானது. கருவியில் கட்டிவைத்த ஆளுக்குப் பயமூட்ட விரலில் லேசாக மின்சாரத்தை விட்டு, ஐயோ உயரழுத்த மின்சாரம் கசிகிறது என்று பதறுவது. கோபமூட்ட, மரியாதையில்லாத ஓர் உதவியாளரை உள்ளே விட்டுக் குத்தலாகப் பேச வைப்பது. ரத்த அழுத்தமும் மூச்சும் தோலும் இரண்டிலும் வேறு வேறு கோலம் காட்டின. ஆனாலும் கோடு மெல்லியதுதான். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்கிறோம். சாது கோபப்பட்டால் என்றா சொல்கிறோம்? மிரண்டால். மிரளுதல் மாட்டுக்குச் சொல்கிற சொல். மிரண்ட மாடு ஓடுகிறதா முட்டுகிறதா என்பது எதிரே வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அந்த வழிச்சந்தியைப் பூனையின் மூளைக்குள் தேடியவர்கள் பலர். கானனின் மாணவர் பிலிப் பார்டு 1928இல், மூளையின் மேற்பகுதி முழுவதையும் நீக்கிய பிறகும் பூனைகள் சீறுவதைக் கண்டார். லேசாகத் தொட்டால் போதும், மயிர் சிலிர்த்து, நகம் நீண்டு, முதுகு வளைந்து உச்சக்கட்டச் சீற்றம். ஆனால் அந்தச் சீற்றத்துக்குத் திசையில்லை. தொட்ட கையை நோக்கி அது திரும்பவில்லை. ஆத்திரம் மட்டும் இருந்தது, யார்மேல் என்பது இல்லை. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் பின்பகுதியையும் நீக்கினால் சீற்றம் சிதறிப்போனது. ஜூரிச்சில் வால்டர் ஹெஸ் எதையும் வெட்டாமல், மெல்லிய கம்பி வழியே நடமாடும் பூனையின் ஹைப்போதலாமஸுக்கு மின்சாரம் செலுத்தினார். சாதுவாக இருந்த பூனை சீறிப் பாய்ந்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் சாதுவாகிவிட்டது. இதற்காக 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசின் மறுபாதி, மனநோயாளிகளின் மூளை இழைகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கிவைத்த எகாஸ் மோனிஸுக்குப் போனது. சீற்றம் எங்கே பிறக்கிறது என்று காட்டியவரையும் கத்தி எடுத்தவரையும் ஒரே மேடையில் வைத்துப் பார்த்த வருடம் அது.

யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிளின் 1962இல் காட்டியது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியைத் தூண்டினால் பூனை சீறிக்கொண்டு நகத்தால் பிறாண்டுகிறது. சற்றே பக்கவாட்டில் தூண்டினால் சத்தமே இல்லை. மயிர் சிலிர்க்கவில்லை. பதுங்கிப் போய் எலியின் பிடரியைக் கவ்வுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தாக்குதல். உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இரண்டாவதில் கோபமே கிடையாது. எலிமேல் பூனைக்கு என்ன கோபம்? வெகுளி பிறக்கும் நான்கு இடங்களாகத் தொல்காப்பியர் சொல்பவை உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு செய்தல், அடித்தல், கொல்ல முனைதல். நான்கும் தனக்கோ தன்னைச் சேர்ந்தவருக்கோ பிறர் இழைப்பவை. வேட்டை அதில் இல்லை. இரையைத் தேடிப் போகிறவனின் அமைதி கோபத்தின் கணக்கில் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மனிதர் மனிதருக்குச் செய்த பெருங்கொடுமைகளில் எத்தனை சீறலோடு நடந்தவை, எத்தனை மேஜையில் உட்கார்ந்து பேரேட்டில் கையெழுத்துப் போட்டு நடந்தவை என்று யோசித்தால் பக்கவாட்டுப் பூனைதான் அதிகம் தென்படுகிறது.

தாக்குதல் பிறக்கும் அந்த இடத்தையும் இப்போது இன்னும் பொடியாகக் குறுக்கிவிட்டார்கள். கலிபோர்னியாவில் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வகத்தில் டாயு லின் 2011இல் எலியின் ஹைப்போதலாமஸில் ஒரு துளி இடத்து நரம்புசெல்களை ஒளியால் தூண்டினார். ஆண் எலி பெண்ணைத் தாக்கியது, ஊதிவிட்ட ரப்பர் கையுறையையும் தாக்கியது. அதே எலி கலவியில் இருக்கும்போது அந்தத் தாக்குதல் செல்கள் அடங்கிப்போயின. அன்பும் அடியும் இத்தனை நெருக்கமான அண்டை வீடுகள் என்பது சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். கல்யாணமானவர்களுக்கு இருக்காது.

நான்காவது அச்சத்துக்கு வருகிறேன். புலி எதிரே நின்றால்தான் பயம். அரசன் எதிரே நிற்க வேண்டியதில்லை. கென்யாவின் மசாய் மாராவில் 1978 தொடங்கி ராபர்ட் சபோல்ஸ்கி பபூன் குரங்குகளைக் கவனித்துவந்தார். மயக்க ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார். அதிகாரப் படி அசையாமல் இருக்கிற கூட்டத்தில் கீழ்ப்படியில் இருக்கும் ஆணின் ரத்தத்தில் சும்மா இருக்கும்போதே நெருக்கடிச் சுரப்புகள் கூடுதலாக இருந்தன. யாரும் அடிக்கவில்லை. அடிக்கக்கூடும். அது போதும். மேலே இருப்பவனிடம் தோற்ற குரங்கு, தனக்குக் கீழே இருப்பதன்மேல் பாய்ந்தது. அது தனக்கும் கீழே உள்ளதைக் கடித்தது. ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது. எண்பதுகளின் நடுவில் அவர் கவனித்த ஒரு கூட்டத்தின் முரட்டு ஆண்கள், பக்கத்துச் சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டு உணவுக்காக மற்றொரு கூட்டத்தோடு போய்ச் சண்டையிட்டன. குப்பையிலிருந்த இறைச்சி வழியே காசநோய் தொற்றிச் செத்துப்போயின. ஆண்களில் பாதி போயிற்று. முரடர்கள் போகச் சாதுக்கள் மிஞ்சினார்கள். கீழ்ப்படிக்காரர்களின் ரத்தத்தில் நெருக்கடி குறைந்தது. இதில் விசேஷம், சுமார் பத்து வருடத்தில் அந்தப் பழைய ஆண்களில் ஒருவரும் இல்லை, எல்லாரும் வெளிக் கூட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். ஆனாலும் கூட்டம் சாதுவாகவே இருந்தது. வந்தவர்கள் அங்கே பழகிக்கொண்டார்கள். ஹைப்போதலாமஸ் எல்லாக் குரங்குக்கும் இருக்கிறது. எப்போது அதற்கு வேலை கொடுப்பது என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறியிருக்கிறது.

அமிக்டலாவைப் பயத்தின் இருப்பிடம் என்று ஊருக்கெல்லாம் தெரியவைத்ததில் நியூயார்க் நரம்பியலாளர் ஜோசப் லெடூவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரே பின்னால், அப்படிச் சொன்னது தவறாகப் போயிற்று என்று எழுத ஆரம்பித்தார். அங்கே நடப்பது ஆபத்தைக் கண்டு உடலைத் தயார்செய்வது மட்டும்தான், பயம் என்று நாம் உணர்வது வேறெங்கோ உருவாகிறது என்றார். புகழ்பெற்ற தன் கருத்தைத் தானே திருத்திக்கொள்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பிடித்துவிடும். அவர் பக்கம் சாய்வதற்கு எஸ்.எம்.மே ஒரு காரணம் தந்தார்.

2013இல் அயோவாவில் அவரைக் கரியமில வாயுவை ஒரே மூச்சு இழுக்கச் சொன்னார்கள். 35 சதவீதம் கரியமில வாயு. ஆபத்தில்லை, ஆனால் ரத்தத்தில் அமிலம் கூடி, மூச்சு முட்டுகிறது என்று மூளைத்தண்டு அலறும். எலிகளில் இந்த அமிலத்தை அமிக்டலாவே மோப்பம் பிடிக்கிறது என்று நான்கு வருடம் முன்புதான் அதே ஊரில் கண்டிருந்தார்கள். ஆகவே பாதாம் இல்லாத இவருக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். முகமூடியை மாட்டி இழுத்த சில நொடிகளில் எஸ்.எம். திணறினார். கை முகமூடியை நோக்கி அலைந்தது. உதவி கேட்டுக் கத்தினார். முகம் சிவந்து, கண் விரிந்து, நாற்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண் சிறுவயதுக்குப் பிறகு முதன்முறையாகப் பயந்தார். அதே நோயால் அமிக்டலாவை இழந்த இரட்டைச் சகோதரிகளையும் சோதித்தார்கள். அவர்களும் பீதியடைந்தார்கள். அமிக்டலா நன்றாக இருந்த 12 பேரில் பீதியடைந்தவர்கள் மூன்றே பேர்.

ஆக விலங்குக்கும் அணங்குக்கும் கள்வருக்கும் அஞ்சாதவருக்குத் தன் மூச்சே போதுமாயிருந்தது. தொல்காப்பியரின் நான்கும் வெளியிலிருந்து வருபவை. கண்ணும் காதும் உள்ளே கொண்டுவர வேண்டியவை. அந்த வாசலில்தான் பாதாம் காவல் இருந்தது. ஐந்தாவது அச்சம் வாசல் வழியே வருவதில்லை. அது வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, நாற்பது வருடங்களாக, ஒரு சத்தமும் இல்லாமல்.

அந்தச் சோதனையில் இன்னொன்றும் பதிவானது. வாயுவை இழுப்பதற்கு முந்தைய நிமிடங்களில், பீதிக்கு ஆளான அந்த மூன்று பேரின் இதயத்துடிப்பும் உள்ளங்கை வியர்வையும் வரப்போவதை எதிர்பார்த்து ஏறியிருந்தன. எஸ்.எம்.முக்கும் சகோதரிகளுக்கும் அப்படி எதுவும் இல்லை. பயம் வந்தபோது முழுதாக வந்தது. வருவதற்கு முன்னால் அதன் நிழல் விழவில்லை.

கழுத்தில் கத்தி வைக்கப்பட்ட இரவுக்கு மறுநாள், எஸ்.எம். அதே பூங்கா வழியாகத்தான் நடந்து போனார்.